யார் சொல்லி வந்தீங்க?

குமுளியில் என் மச்சான் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறி செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளா. கடந்ததும் வரிசையாக நிற்கும் மசாலாக் கடைகளில் ஒன்று அவருடையது. போர்டில் மலையாளம் மேலே, இங்கிலீஷ் நடுவில், தமிழ் கீழே. ஆள் உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது "யார் சொல்லி வந்தீங்க?" என்றுதான். மதுரைக்காரரிடம் தமிழில், கோட்டயத்துக்காரரிடம் மலையாளத்தில். பார்க்க உபசாரம் மாதிரி இருக்கும், உள்ளே கணக்கு ஓடும். சஃபாரி ஜீப் ஓட்டுகிறவர் கொண்டுவந்து விட்டிருந்தால் பில்லில் அவருக்குக் கமிஷன் எடுத்து வைக்க வேண்டும், அது ஒன்று. இன்னொன்று, யார் அனுப்பினார்கள் என்று தெரிந்தால் வந்தவர் வாங்குவாரா வேடிக்கை பார்ப்பாரா என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும். தேக்கடி ரோட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் சேச்சி அனுப்பிய ஆள் அரைக் கிலோவுக்குக் குறைந்து வாங்கியதில்லை. அந்தச் சேச்சி வாயைத் திறந்து ஒரு கடைப் பெயரைச் சொல்வதே அபூர்வம். ஜீப்காரர் ஏழு கடை காட்டுவார்.

நான் கம்பத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். டிடிபி, பில் போடும் சாஃப்ட்வேர், சின்னச் சின்ன வெப்சைட். "கூகுள்ல நம்ம கடை எப்ப மேல வரும்?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. பல வருஷமாக இதற்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், இப்போதெல்லாம் மச்சான் கேட்கும் கேள்வியையே எடுத்துச் சொல்லிவிடுகிறேன். தேடுபொறியும் ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி வைத்து அதைத்தான் கேட்கிறது. உன்னை யார் சொன்னார்கள்? சரி, அவர்களை யார் சொன்னார்கள்?

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி கிடையாது. 1995 டிசம்பரில் வந்த அல்டாவிஸ்டா மாதிரியான தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் எழுதியிருப்பதை வைத்தே தரம் பிரித்தன. தேடிய சொல் எத்தனை தரம் வருகிறது, தலைப்பில் வருகிறதா, மேலேயே வருகிறதா. இதிலும் நுணுக்கம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1972லேயே சொல்லிவிட்டார்: எல்லா ஆவணத்திலும் கிடக்கும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு கூடுதல். "நல்ல ஏலக்காய்" என்று தேடினால் 'நல்ல' எங்கேயும்தான் இருக்கும், 'ஏலக்காய்' இருக்கிற பக்கம்தான் கணக்கு. இந்த யோசனை இன்றைக்கும் தேடுபொறிகளுக்குள் ஏதோ ஒரு வடிவத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் இதை வைத்து ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்கலாமே தவிர, அது எவ்வளவு நம்பத் தகுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. போடியிலும் புத்தடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்ப்பார், பச்சை நிறம் எப்படி, எட்டு மில்லிமீட்டர் பருமன் இருக்கிறதா, வெடித்த காய் எவ்வளவு என்று. மூட்டைமேல் 'முதல் தரம்' என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் விலை கேட்பதில்லை. பழைய தேடுபொறி செய்தது மூட்டைமேல் எழுத்தைப் படிக்கிற வேலை. அது தெரிந்ததும் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாலேயே ஒரே சொல்லை நூறு தரம் எழுதி வைத்தார்கள், படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியும். பக்கத்தை எழுதுகிறவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை வைத்து அளந்தால் அப்படித்தான் ஆகும்.

அப்போ வேறு யார் சொல்வதைக் கேட்பது? இதற்கு வழி நூலகத்துப் பக்கமிருந்து வந்தது. யூஜீன் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1964இல் அறிவியல் கட்டுரைகளுக்கு ஒரு மேற்கோள் அட்டவணை வெளியிட்டார், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை எடுத்துச் சொல்லியிருக்கிறது என்று திருப்பிப் போட்ட அட்டவணை. நிறைய பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை முக்கியமானது என்று ஒரு கணக்கு அதிலிருந்து பிறந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த லாரி பேஜ் 1996 வாக்கில் இதே கண்ணோடு இணையத்தைப் பார்த்தார். லிங்க்தான் மேற்கோள். ஒரு பக்கத்திலிருந்து வெளியே போகிற லிங்க் யாருக்கும் தெரியும், பக்கத்தைத் திறந்தால் போதும். அந்தப் பக்கத்துக்கு உள்ளே வருகிற லிங்க் எத்தனை என்பது அந்தப் பக்கத்துக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இணையம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி எல்லா லிங்கையும் அள்ளிக்கொண்டு வந்து தலைகீழாக அடுக்க வேண்டும். அந்தக் கிறுக்கு வேலையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார், அதற்கு வைத்த பெயர் பேக்ரப். செர்கே பிரின் சேர்ந்துகொண்டார், பிற்பாடு கூகுளைத் தொடங்கியது இந்த இரண்டு பேர்தான். லிங்கை வைத்துத் தரவரிசை போடும் இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் பேஜ்ரேங்க். அதைப் பற்றி எழுதிய அறிக்கையில் கூட நின்ற இரண்டு பேராசிரியர்களில் ஒருவர் ராஜீவ் மோட்வானி, ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்தவர். பேஜ்ரேங்க் என்ற பெயரில் இருக்கும் பேஜ், பக்கமும்தான், லாரி பேஜும்தான்.

வெறுமனே எத்தனை லிங்க் என்று எண்ணினால் அதுவும் உதவாது. இன்று ராத்திரி உட்கார்ந்தால் நானே ஆயிரம் பக்கம் உண்டாக்கி ஆயிரமும் மச்சான் கடையைக் காட்டும்படி செய்துவிடுவேன். அதனால் பேஜ்ரேங்க் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது ஒன்று. அவர் எத்தனை பேரைச் சொல்கிறார் என்பது மற்றொன்று. சேச்சி ஒரு கடையைத்தான் சொல்வார், அவர் வாக்கின் முழு எடையும் அந்தக் கடைக்கு. ஜீப்காரர் ஏழு கடை சொன்னால் ஏழாக வகுக்க வேண்டியதுதான்.

இங்கேதான் மச்சான் என்னை மடக்கினார். "சேச்சி பெரிய ஆள்னு உனக்கு எப்படித் தெரியும்? அவங்களையும் யாராவது சொல்லணும்ல? அவங்கள நான் சொல்றேன்னு வை, அப்ப நான் பெரிய ஆளான்னு முதல்ல தெரியணும்ல?" நியாயமான கேள்வி. கோழி முதலா முட்டை முதலா மாதிரிதான் தெரிகிறது. வாயால் சொன்னால் புரியாது என்று கடை பில் புக்கின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன், அதையே இங்கேயும் போடுகிறேன்.

நான்கே நான்கு பக்கம் உள்ள ஒரு குட்டி இணையம். மச்சான் கடை, ஒரு ஜீப் சஃபாரி, சேச்சியின் ஹோம்ஸ்டே, ஊரைப் பற்றி யாரோ எழுதிய ஊர்ப்பக்கம். கடை ஊர்ப்பக்கத்தை மட்டும் காட்டுகிறது. ஜீப் இரண்டைக் காட்டுகிறது, ஊர்ப்பக்கத்தையும் கடையையும். ஹோம்ஸ்டேயும் இரண்டு, ஊர்ப்பக்கமும் ஜீப்பும். ஊர்ப்பக்கம் ஹோம்ஸ்டேயை மட்டும் காட்டுகிறது. யார் பெரியவர் என்று தெரியாது, அதனால் ஆளுக்கு 11 ரூபாய், மொய் மாதிரி, மொத்தம் 44 ரூபாய் மேஜைமேல். ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் கையில் இருப்பதைத் தான் காட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும், தனக்கு வருவதை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் சுற்று முடிந்ததும் ஊர்ப்பக்கத்திடம் 22 ரூபாய், ஹோம்ஸ்டேயிடம் 11, ஜீப்பிடமும் கடையிடமும் ஐந்தரை ஐந்தரை. இரண்டாம் சுற்றில் அந்த 22 அப்படியே ஹோம்ஸ்டேக்குப் போய்விடுகிறது, ஊர்ப்பக்கம் 13.75க்கு இறங்குகிறது, ஜீப் ஐந்தரையிலேயே நிற்கிறது, கடை 2.75. மூன்றாவதில் ஊர்ப்பக்கம் 16.50, ஹோம்ஸ்டே 13.75, ஜீப் 11, கடை அதே 2.75. இப்படியே ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆட்டம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். ஊர்ப்பக்கம் 16, ஹோம்ஸ்டே 16, ஜீப் 8, கடை 4. இந்த எண்களோடு இன்னொரு சுற்று விட்டுப் பாருங்கள், கடை தன் 4ஐ ஊருக்குக் கொடுக்கும், ஜீப் ஊருக்கு 4 கடைக்கு 4, ஹோம்ஸ்டே ஊருக்கு 8 ஜீப்புக்கு 8, ஊர் தன் 16ஐயும் ஹோம்ஸ்டேக்கு. மறுபடி அதே 16, 16, 8, 4. பணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரிடம் எவ்வளவு என்பது மட்டும் மாறவில்லை. அந்த நிலைத்த தொகைதான் முக்கியத்துவம். ஆரம்பத்தில் ஆளுக்கு 11 என்று இல்லாமல் 44ஐயும் கடைக்கே கொடுத்து ஆரம்பித்திருந்தாலும் இந்த நான்கு எண்ணில்தான் வந்து முடியும், அதனால் முதலில் யார் பெரியவர் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை.

பில் புக்கில் மச்சானுக்கு உறுத்தியது தன்னுடைய 4 ரூபாய்தான். எனக்குப் பிடித்தது ஹோம்ஸ்டே. ஊர்ப்பக்கத்துக்கு மூன்று பேர் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், ஹோம்ஸ்டேக்கு ஒரே ஒருவர். ஆனாலும் இரண்டும் 16. அந்த ஒருவர் ஊர்ப்பக்கமாக இருந்ததும், அது வேறு யாரையும் காட்டாமல் இருந்ததும்தான் காரணம். லிங்கை எண்ணுவதற்கும் எடை போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதற்குமேல் எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்கு வாத்தியார்கள் இதை ஐகன் வெக்டர் என்பார்கள். இப்படிப்பட்ட அட்டவணைகளில் ஒரு நிலையான விடை எப்போது இருக்கும் என்று ஜெர்மனியில் பெரோன் 1907லும் ஃப்ரோபேனியஸ் 1912லும் நிரூபித்துவிட்டுப் போனார்கள், இணையம் என்று ஒன்று வரும் என்ற நினைப்பே இல்லாமல்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கடையும் ஜீப்பும் ஒருவரையொருவர் மட்டுமே காட்டிக்கொண்டால்? வெளியிலிருந்து வருகிற பணம் அந்த இரண்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், திரும்ப வராது, சில சுற்றில் 44 ரூபாயும் அங்கேயே சேர்ந்துவிடும். இல்லையென்றால் யாருக்குமே லிங்க் கொடுக்காத பக்கம் ஒன்று இருந்தால் அங்கே போன பணம் அங்கேயே காணாமல் போகும். இதற்குப் பேஜும் பிரினும் கண்ட மருந்தைப் பஸ்ஸை வைத்துச் சொல்லலாம். குமுளியில் ஓர் ஆள், வேலை வெட்டி இல்லை, கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறுகிறார். இறங்கிய ஊரில் நிற்கிற பஸ்களில் ஏதோ ஒன்றில் மறுபடி ஏறுகிறார். கம்பம், தேனி, வண்டிப்பெரியார், கட்டப்பனை என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார். நீண்ட நாள் கழித்து எந்த ஊரில் எத்தனை தரம் இறங்கினார் என்று பார்த்தால் அதுதான் அந்த ஊரின் பேஜ்ரேங்க். இரண்டு ஊருக்கு நடுவில் மட்டும் ஓடுகிற மினிபஸ்ஸில் மாட்டினால் ஆயுசுக்கும் அதிலேயே கிடப்பார். அதனால் 100க்கு 15 தரம் அவருக்குச் சலித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள், பஸ்ஸெல்லாம் வேண்டாம் என்று வரைபடத்தில் கண்ணை மூடிக் கை வைத்த ஊரில் போய் இறங்கிவிடுவார். மீதி 85 தரம் பஸ். அவர்கள் எழுதிய 1998 கட்டுரையில் வருகிற புகழ்பெற்ற 0.85 இதுதான். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, யாரும் காட்டாத பக்கத்துக்கும் அந்தச் சலிப்பிலிருந்து சில பைசா கிடைக்கும்.

நான்கு பக்கத்துக்கு பில் புக் போதும். 1998இல் அவர்கள் 2 கோடியே 60 லட்சம் பக்கத்துக்கு இதை ஒரு சுமாரான ஒர்க்ஸ்டேஷனில் சில மணி நேரத்தில் போட முடியும் என்று எழுதினார்கள். 32 கோடியே 20 லட்சம் லிங்க் கொண்ட இணையத்தில் ஏறத்தாழ 52 சுற்றில் எண்கள் அடங்கிவிட்டன என்பதும் அவர்கள் கணக்குதான். இத்தனை கோடி இருந்தும் 52 போதும் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். காப்புரிமை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. கூகுள் அதற்கு ஈடாகக் கொடுத்த பங்குகளை 2005இல் விற்றுப் பல்கலைக்கழகம் பெற்றது 33 கோடியே 60 லட்சம் டாலர்.

அந்தச் சமயத்தில் இதை யோசித்தது இவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிற்பாடு சீனத் தேடுபொறியான பைடுவைத் தொடங்கிய ராபின் லீ 1996லேயே லிங்க்கை வைத்துத் தரவரிசை போடும் ராங்க்டெக்ஸ் என்ற ஒன்றைச் செய்திருந்தார். ஜான் கிளைன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் யோசனை எங்கள் ஊருக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். அவர் பக்கங்களை இரண்டு வகையாகப் பார்த்தார், சரக்கு உள்ள பக்கம், வழிகாட்டுகிற பக்கம். நல்ல ஜீப்காரரிடம் விற்க ஒன்றும் இருக்காது, ஆனால் எங்கே நல்ல காய் கிடைக்கும், எங்கே நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும் என்று தெரியும். நல்ல கடைகளைக் காட்டுகிறவர் நல்ல வழிகாட்டி, நல்ல வழிகாட்டிகள் காட்டுகிற கடை நல்ல கடை. இதுவும் சுற்றிச் சுற்றி வருகிற கணக்குதான், இதுவும் அடங்கும். பேஜ்ரேங்க்கை எல்லாப் பக்கத்துக்கும் முன்கூட்டியே ஒரே தரமாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம், கிளைன்பெர்க் முறையை ஒவ்வொரு தேடலுக்கும் போட வேண்டும். பேஜ்ரேங்க்குக்கு அது ஒரு பெரிய வசதி.

சரி, கமிஷன் கதைக்கு வருவோம். ஏனென்றால் அதில் நானே மாட்டியிருக்கிறேன்.

2000 டிசம்பரில் கூகுள் ஒரு டூல்பார் விட்டது, அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் 0 முதல் 10க்குள் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். என் அபிப்பிராயம், கெட்டது அங்கேதான். யார் வாக்குக்கு எவ்வளவு எடை என்று வெளியில் எழுதி ஒட்டினால் வாக்குக்கு விலை வராமல் என்ன செய்யும்? பேஜ்ரேங்க் 6 உள்ள பக்கத்தில் ஒரு லிங்க் இவ்வளவு, 4 உள்ளதில் இவ்வளவு என்று சந்தையே உண்டானது. அந்தக் கோட்டை 2016இல்தான் ஒரேயடியாக எடுத்தார்கள்.

மச்சான் கடைக்கு 2010இல் நான் சைட் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருஷம் ஒருவர் போன் பண்ணி, மாதம் இவ்வளவு கொடுங்கள், 500 லிங்க் போட்டுத் தருகிறோம், தேக்கடி என்று அடித்தாலே உங்கள் கடை நிற்கும் என்றார். எனக்கு அப்போதே பேஜ்ரேங்க் ஓரளவு தெரியும், தெரிந்துதான் சரி என்றேன், அதை மறைக்கப் போவதில்லை. அந்த டிசம்பர் சீசனில் சென்னையிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் ஆர்டர் கேட்டுப் போன் வந்தது, மச்சான் எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார். 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது, விலைக்கு வாங்கிய லிங்கையும் செயற்கையான லிங்கையும் கண்டுபிடித்துக் கீழே தள்ளுவதற்கென்றே. ஓணத்துக்குள் எங்கள் சைட் தேடலில் எங்கேயும் இல்லை, கடைப் பெயரை முழுதாக அடித்தால் மட்டும் வரும்.

அந்த வருஷம் அக்டோபரில் வேண்டாத லிங்கை நாமே கைகழுவி விடுவதற்கு ஒரு வசதி கொடுத்தார்கள். அதற்குப் பட்டியல் வேண்டுமே. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். ஒரு பக்கம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: அமெரிக்காவில் எங்கேயோ வீட்டுக் கடன் பற்றிய பக்கம், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரிசை, லாரி டயர், கல்யாண கோட்டு, அதற்கு அடுத்து எங்கள் ஏலக்காய், அதற்கு அடுத்து முடி உதிர்வு மருந்து. இதைப் படித்துவிட்டு யாராவது குமுளிக்கு வருவார்களா? மொத்தத்தையும் எண்ணிப் பார்த்தேன், 500 என்று சொன்னதில் 300 சொச்சம்தான் இருந்தது. திருட்டு லிங்க்கிலும் எடை குறைத்திருக்கிறார்கள்!

இதை எந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், கணக்கு கிட்டத்தட்ட அதேதான், பணத்தை எங்கிருந்து விடுகிறோம் என்பதை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். 2004இல் ஸ்டான்ஃபோர்டும் யாகூவும் சேர்ந்து டிரஸ்ட்ரேங்க் என்று ஒன்றை முன்வைத்தார்கள். எல்லோருக்கும் ஆளுக்கு 11 ரூபாய் கொடுக்காமல், மனிதர்கள் பார்த்துச் சுத்தமானது என்று சொன்ன சில பக்கங்களுக்கு மட்டும் பணத்தைக் கொடுத்து அங்கிருந்து ஓடவிட வேண்டும். நல்ல பக்கம் குப்பைப் பக்கத்துக்கு லிங்க் கொடுப்பது குறைவு, அதனால் குப்பைக் கூட்டத்துக்குப் பணம் போய்ச் சேராது, அவர்கள் தங்களுக்குள் எத்தனை ஆயிரம் லிங்க் போட்டுக்கொண்டாலும். 2005 ஜனவரியில் வந்த நோஃபாலோ என்ற குறி இன்னொரு ஏற்பாடு, லிங்க் கொடுக்கிறேன் ஆனால் இதற்கு நான் ஜாமீன் இல்லை என்று பக்கக்காரரே எழுதி வைப்பது. பஸ்ஸில் ஏறுகிற ஆளையும் மாற்றினார்கள். கண்ணில் பட்டதில் ஏறாமல், நடுப்பக்கத்தில் பெரிதாக இருக்கிற லிங்கில் ஏற அதிக வாய்ப்பு, அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் லிங்கில் ஏற வாய்ப்பு குறைவு என்று கணக்குப் போடும் முறைக்குக் கூகுள் 2010இல் காப்புரிமை வாங்கியது. டயருக்கும் முடி உதிர்வுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஏலக்காய் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லிங்க் எந்தச் சொல்லின்மேல் போடப்பட்டிருக்கிறது என்பதும் சாட்சியாக எடுக்கப்படும். 'நல்ல ஏலக்காய்' என்ற சொல்லின்மேல் பலர் மச்சானுக்கு லிங்க் கொடுத்தால், அவர் பக்கத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அந்தத் தேடலுக்கு அவர் வருவார். 2003இல் 'படுதோல்வி' என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சொற்றொடரில் ஊர் கூடி லிங்க் போட்டு, அதைத் தேடினால் அமெரிக்க அதிபர் புஷ்ஷின் பக்கம் முதலில் நிற்கும்படி செய்தார்கள். 2007 வரை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

இன்றைக்கு பேஜ்ரேங்க் மட்டும் வைத்து யாரும் தரவரிசை போடுவதில்லை, பல நூறு அளவுகளில் அதுவும் ஒன்று. அமெரிக்க அரசு கூகுள்மேல் போட்ட வழக்கில் 2023இல் கூகுளின் துணைத் தலைவர்களில் ஒருவரான பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது நேவ்பூஸ்ட் என்ற ஒன்று பொதுவெளிக்கு வந்தது. தேடுகிறவர்கள் எந்த முடிவைச் சொடுக்கினார்கள் என்று 13 மாத விவரத்தை வைத்துக்கொண்டு தரவரிசையைத் திருத்துகிற ஏற்பாடு. இது யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் உள்ளே போனார்கள் என்று பார்ப்பது. எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஏற்கெனவே மேலே இருக்கும் கடைக்குள்தான் கூட்டம் போகும், கூட்டம் போவதால் மேலேயே இருக்கும். இதைச் சரிக்கட்டவும் கணக்குகள் உண்டு என்று தெரியும், இருந்தாலும் ஒரு நல்ல ஆள் தன் பக்கத்தில் யோசித்து எழுதிக் கொடுத்த லிங்கும் ஒரு விரல் தட்டலும் ஒன்றா? ஆனால் லிங்க் கொடுக்கிற ஆட்கள் எங்கே போய்விட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் தேக்கடிக்கு வந்து போனவர்கள் ஊருக்குப் போய் ஒரு பக்கம் எழுதுவார்கள், தங்கிய இடம், வாங்கிய கடை எல்லாவற்றுக்கும் லிங்க் இருக்கும். இப்போது அதே சிபாரிசு வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. தேடுபொறி அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது.

தமிழில் நிலைமை இன்னும் மெலிவு. 90களிலும் 2000இன் முதல் சில வருஷங்களிலும் தமிழ்ப் பக்கங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன, கண்ணுக்குத் தமிழ், எந்திரத்துக்குப் பொருளில்லாத குறிகள். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாறிய பிறகுதான் தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரிந்தது, மாறாதவை அப்படியே புதைந்தன. அப்புறம் சொல்லின் வால். கம்பம், கம்பத்தில், கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து எல்லாம் ஒரே ஊர் என்று எந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும். அதுவும் கம்பம் என்றால் கொடிக்கம்பமா, கொங்குப் பக்கம் மாரியம்மன் கோயிலில் நடுகிற கம்பமா, எங்கள் ஊரா? மலையாளத்தில் கம்பம் என்றால் மோகம், பைத்தியமாக ஆசைப்படுவது. இங்கிலீஷில் அடித்தால் ஆந்திராவில் மார்க்காபுரம் பக்கம் இதே எழுத்துக்கூட்டில் ஒரு கம்பம், பெரிய ஏரியோடு. குழம்புவதற்கு இவ்வளவு வழி இருக்கும்போது, எந்தக் கம்பம் என்று காட்டிக்கொடுப்பது பக்கத்தைச் சுற்றியிருக்கும் லிங்க்தான். திராட்சை, மேகமலை, சுருளி அருவி பற்றிய பக்கங்கள் லிங்க் கொடுத்தால் அது நம் கம்பம். தமிழில் எழுதுகிறவர்கள் லிங்க் கொடுப்பதில் படு கஞ்சம். ஊர் பெயரைப் பத்துத் தரம் எழுதுவோம், ஒரு தரம்கூட எங்கேயும் சுட்ட மாட்டோம்.

மச்சான் கடை சைட்டில் போன வருஷம் தமிழ்ப் பக்கம் ஒன்று தனியாகப் போட்டேன், ஏலக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியது, உண்மையிலேயே பயனுள்ளது. மாதக் கணக்காக ஒரு லிங்க் கிடையாது. கடைசியில் சேச்சியிடம் போய், அவர் ஹோம்ஸ்டே சைட்டில் எங்கள் இங்கிலீஷ் பக்கத்துக்கு இருக்கிற லிங்க்கோடு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒன்று போட முடியுமா என்று கேட்டேன். முதலில் பக்கத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார், தமிழ் பேசுவார், வாசிக்க வராது. முழுக்க வாசித்துக் காட்டினேன். எட்டு மில்லிமீட்டர் வரி வந்ததும் சிரித்துவிட்டு, "இது சரியாணு, இட்டோ" என்றார். லிங்க் ஏறிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மச்சான் வழக்கம்போல் சேச்சி வீட்டுக்குக் கால் கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்பினார். பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்து லிங்க் வாங்கினாலும் கூகுளின் விதிப்படி அது விலைக்கு வாங்கியதுதான். பதினைந்து வருஷமாகக் கொடுத்து வருகிற கால் கிலோ இது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?